வாலாம்பாள் மாமி கண் திறந்த படம்

1

காபி பாய்லரின் ஆவிக் குழாய்க்கு நேராகக் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் சஃப்ரீன். கேமராவும் லென்ஸும் சேரும் இடத்தைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதப் பட்டை ஓரத்தில் நெகிழ ஆரம்பித்தது. பட்டையின் மேல் ஊதா மையில் சபாவின் ரப்பர் முத்திரை. முத்திரையின் மேல் இரண்டு கையெழுத்துகள். கச்சேரி தொடங்கப் பதினோரு நிமிடம்.

கன்டீன் கதவை யாரோ தட்டினார்கள்.

"யாரது உள்ளே? பாடறவாளுக்குக் காபி ஆச்சோ?"

சபாவின் செயலாளர் பஞ்சாபகேசன். முத்திரை குத்தியவரே அவர்தான்.

"ஆகுது அங்கிள். தோ மினிட்."

"நீ எதுக்கும்மா காபி போடறாய்? கன்டீன்காரன் எங்கே போனான்?"

சஃப்ரீன் நகத்தால் பட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது—

இங்கே நிறுத்துகிறேன். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் இசைவிழா மலருக்கு, 'மேடைக் கச்சேரியைப் படமெடுக்க எந்த லென்ஸ்?' என்று என்னிடம் கட்டுரை கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே லென்ஸ் என் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே விஷயம் தெரிந்த ஒருத்தியைப் பிடித்து அவளைக் கட்டுரைக்குள் நடக்கவிட்டேன். அவள் கட்டுரையை விட்டு வெளியே நடந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "இருண்ட அரங்கில் வெளிச்சம் என்பது புகைப்படக்காரரின்—" அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "லென்ஸ் மூன்று வகைப்படும்." இது பரீட்சை விடைத்தாள். ஆனால் சஃப்ரீனிடம் இருந்தவை மூன்றுதான், நான் என்ன செய்ய?

ஒன்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். குட்டையானது, அகலமாகப் பார்க்கும். அடுத்தது எண்பத்தைந்து. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தால் பாடகரின் முகத்தை மட்டும் அள்ளிக்கொண்டு வரும். மூன்றாவது ஒரு பழைய ஜூம், கடைசி வரிசையிலிருந்தே மூக்குத்தியைத் தொடும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் உண்டு. முதல் இரண்டுக்கும் ஒன்று பாயின்ட் எட்டு. ஜூமுக்கு ஐந்து பாயின்ட் ஆறு.

(இந்த எண் சிறியதானால் லென்ஸின் வாய் பெரிது, வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும். எண் பெரிதானால் வாய் சிறிது, மங்கலான அரங்கில் படம் கலங்கிப்போகும். தலைகீழ்க் கணக்கு. நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சபாவின் கமிட்டி வைத்துக்கொள்ளவில்லை.)

3

மாட்டுங்காவில் இருக்கும் அந்தச் சபாவின் சுவரில், இருபத்தைந்து வருடம் அங்கே பாடியவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். ஒரே ஒரு சட்டம் காலி. அது செம்பூர் வாலாம்பாள் மாமியுடையது. நாற்பது வருடமாகப் பாடுகிறார். படம் மட்டும் இல்லை. காரணம், மாமி கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார்.

"கண்ணை மூடிண்டிருக்கற படத்தைச் சுவத்துல மாட்டினா, நாளைக்கே யாராவது சந்தன மாலை போட்டுட்டுப் போயிடுவா. அவா இன்னும் வாரா வாரம் மார்க்கெட்டுக்குப் போயிண்டிருக்கா" என்பது தலைவர் அனந்தநாராயணனின் வாதம். நியாயம்தானே?

ஒரு கச்சேரியில் ஒரே ஒரு தடவை மாமி கண்ணைத் திறப்பார் என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். எப்போது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கு ஒத்துப்போகாது.

அந்த ஒரு நொடியைப் பிடிக்க வேண்டும். பிடித்த படத்தைச் சுவரில் மாட்டச் சம்மதம் என்று மாமி கையெழுத்தும் போட வேண்டும். இரண்டும் நடந்தால் சஃப்ரீன் சபாவின் நிரந்தரப் புகைப்படக்காரி. நடக்காவிட்டால் பழையபடி காட்கோபர் ஓட்டல்களின் மெனு கார்டுக்கு இட்லி. இரண்டு வருடமாக இட்லியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இட்லி அசையாது. அதுதான் அவளுடைய குறை.

கமிட்டி ஒரு நிபந்தனை விதித்தது. ஒரு கச்சேரிக்கு ஒரே லென்ஸ். போன வருடம் வந்த ஒருவர் பல்லவியின் நடுவில், சரியாக எல்லாரும் மூச்சடக்கியிருந்த இடத்தில், 'கடக்' என்று லென்ஸ் மாற்றினார். மிருதங்கக்காரர் அதைத் தனக்கு விடப்பட்ட சவாலாக எடுத்துக்கொண்டு பதில் வாசித்துவிட்டார். அப்புறம் பல்லவி திரும்பி வரவே இல்லை.

எந்த லென்ஸ் என்று ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றும் மேஜை மேல், தட்டில் வைத்த சீர் மாதிரி.

"ஒண்ணு பாயின்ட் எட்டா?" என்றார் அனந்தநாராயணன். ஓய்வு பெறும் வரை காலேஜில் விடைத்தாள் திருத்தியவர். "இதுவும் ஒண்ணு பாயின்ட் எட்டா? ரெண்டும் ஃபெயிலாக்கும்."

"அங்கிள், அது மார்க் இல்ல. கம்மியா இருந்தாத்தான் நல்ல லென்ஸ்."

"கம்மியா இருந்தா நல்லதுங்கறது ரத்தக் கொதிப்புக்கு மட்டும்தான் கொழந்தே. பஞ்சு, அஞ்சு பாயின்ட் ஆறுன்னு எழுதும்."

தீர்மானம் எண் பதினான்கு, ஏகமனதாக நிறைவேறியது. கச்சேரியன்று மாலை நான்கு மணிக்கு, ஓட்டுப் பெட்டிக்கு வைப்பதுபோல லென்ஸுக்குச் சீல் வைத்தார் பஞ்சாபகேசன்.

* அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் முகம்மது ஹனீப் சஃப்ரீனின் தந்தை. கேமராவின் 'டக்' சத்தம் வெளியே கேட்காமலிருக்க, பஞ்சு வைத்த தோல் உறை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்.

"ஏளா, பொறந்த புள்ளைக்கித் தொப்பி தைக்க மாதிரில்லா இருக்கு. பாட்டு கேக்க வந்தவன் பாட்டக் கேக்காம டக்கு டக்குன்னு எதுக்குக் கேக்கான்?"

"அவங்களுக்குக் காது ரொம்ப சார்ப் வாப்பா."

"அந்தச் சின்ன லென்ஸுதான ஒனக்குச் சரியா வரும்? சொல்ல வேண்டியதான?"

"சொன்னேன். மார்க் கம்மியாம்."

ஹனீப் ஊசியில் புது நூலைக் கோத்தார். "படிச்சவங்கல்லாம் சேந்து சொல்லுதாவன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

4

சஃப்ரீன் மேல் எனக்கொரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்ல பெண் சீலைப் பிரிப்பாளா? முதல் பிரதியில் அவளைக் கன்டீன் மூலையில் அழவிட்டிருந்தேன். வாசித்துக் காட்டினேன் (அவளுக்குத் தமிழ் எழுத்து தடுக்கித் தடுக்கித்தான் வரும்). "நான் ஏன் சார் அழுவேன்? பதினோரு நிமிஷந்தான் இருக்கு. அழுவுறதுக்கு டைம் எங்க?" என்றாள். அழுகையை எடுத்துவிட்டேன்.

பட்டை கிழியாமல் வந்தது. லென்ஸ் கண்ணாடி முழுக்க ஆவி. ஜூமைக் கழற்றிப் பையில் போட்டாள். எண்பத்தைந்தை எடுத்தாள். திருப்பி வைத்தாள்.

அதை மாட்டினால் மூன்றாம் வரிசையில் உட்கார வேண்டும். மூன்றாம் வரிசையில் பஞ்சாபகேசன் உட்காருவார். அவர் கண்ணில் படாத இடம் அந்த அரங்கத்தில் ஒன்றுதான்: மேடையிலேயே, பக்கத் திரைக்குள், தம்புராவுக்குப் பின்னால். அங்கிருந்து மாமி கைக்கெட்டும் தூரம். அவ்வளவு பக்கத்தில் எண்பத்தைந்துக்குள் மாமியின் காது மட்டும் அடங்கும். ஆக, முப்பத்தைந்து.

கட்டுரை கேட்டவர்கள் இந்த வரியை எடுத்துக்கொள்ளலாம்: லென்ஸ் தேர்வின் முதல் விதி, செயலாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது.

பட்டையை முப்பத்தைந்தின் மேல் ஒட்டினாள். முத்திரை தலைகீழாக உட்கார்ந்தது. கதவைத் திறந்து, பஞ்சாபகேசன் கையில் காபித் தட்டைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

5

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாமி பாடினார். இமைகள் இறங்கியே இருந்தன. பிறகு முகாரியை எடுத்தார்.

அரங்கம் 'த்சொ, த்சொ' என்றது. மாமியின் புருவம் உயர்ந்தது. உதடு துடித்தது. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். சஃப்ரீன் தரையோடு தரையாகக் குனிந்து, கீழிருந்து மேலே கேமராவைத் தூக்கினாள்.

கண் திறந்திருந்தது.

இப்போது திறந்ததல்ல. இமைக்குக் கீழே விழிகள் சாவகாசமாக இடமிருந்து வலம் போயின. திரும்பின. மறுபடி இடமிருந்து வலம். மாமி கண்ணை மூடியதே இல்லை. நாற்பது வருடமாகக் குனிந்துகொண்டிருந்திருக்கிறார்.

நீண்ட லென்ஸ் கேட்டதை மட்டும் காட்டும். அகல லென்ஸ் கேட்காததையும் சேர்த்துக் காட்டும். படத்தின் கீழ் ஓரத்தில் மாமியின் மடி வந்தது. முன்னால் சுருதிப் பெட்டி, அதற்கு முன்னால் பூச்செண்டு. அவற்றின் மறைவில், பட்டுப் புடவை மடிப்புக்குள், நாலாக மடித்த ஒரு வாரப்பத்திரிகை. வலது கை தொடையில் தாளம் போட்டது. ஆவர்த்தனம் முடியும் தட்டில், இடது கட்டைவிரல் பக்கத்தைத் திருப்பியது.

டக். தோல் உறைக்குள் அது யாருக்கும் கேட்கவில்லை.

தம்புரா மீட்டிக்கொண்டிருந்த சாதனா மட்டும் திரும்பினாள். மாமியின் மருமகள். உதட்டை அசைக்காமல், "பாத்துட்டியா?" என்றாள்.

6

முடிவு (அ): சஃப்ரீன் படத்தை முழுதாகக் கமிட்டியிடம் கொடுக்கிறாள். அனந்தநாராயணன் நாற்காலியிலிருந்து சரிய— வேண்டாம். மனிதருக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு.

முடிவு (ஆ): மடியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் கொடுக்கிறாள். அற்புதமான முகம், பாதி திறந்த கண். ஆனால் மாமியின் கையெழுத்து? எதை வெட்டினாய் என்று மாமி கேட்டால்?

முடிவு (இ): படத்தை அழித்துவிட்டு இட்லிக்கே— இதை எழுதவே கை வரவில்லை.

நடந்தது என்னவென்றால், கச்சேரி முடிந்ததும் சஃப்ரீன் நேரே மாமியிடம் போய்க் கேமராவை நீட்டினாள். மாமி அதை வாங்கி மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"நன்னா விழுந்திருக்கே" என்றார்.

"மாமி, முகாரி பாடறப்ப அழுதீங்களே."

"பின்னே? அந்த இன்ஸ்பெக்டர் ஆம்படையாள் செத்துப் போயிட்டாளேடி. பாவம், வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தா."

"அப்ப பாட்டு?"

"அது பாட்டுக்குப் பாடிண்டு போகும். நாப்பது வருஷமாச்சு, அதுக்கு நான் எதுக்கு? ஆத்துல ரெண்டு பக்கம் படிக்க விடறாளா? அம்மா சாவி எங்கே, அம்மா மாத்திரை எங்கேன்னு பிடுங்கறா. மூணு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடாத இடம் இந்த மேடை ஒண்ணுதான்."

சஃப்ரீன் சம்மதப் படிவத்தை நீட்டினாள். "முகம் மட்டும் வச்சுக்கறேன் மாமி. மடியை கட் பண்ணிடறேன். சைன் பண்ணுவீங்களா?"

"போடறேன். அதுக்கு முன்னாடி எனக்கொரு காரியம் பண்ணணும் நீ. எனக்கு எழுபத்தெட்டு ஆறது. இந்தக் கதை எழுதறவன் வாரா வாரம் இழுத்துண்டே போறான். கடைசி வாரம் வரைக்கும் நான் இருப்பேனோ மாட்டேனோ. அவன் திலக் நகர்லதான் இருக்கானாம். அவளைக் கொன்னது யாருன்னு அவன் வாயாலேயே கேட்டுண்டு வா. வந்தா கையெழுத்து."

7

மலருக்குக் கட்டுரை கேட்டது உண்மை. ஆனால் கதை வந்த வழி அதுவல்ல. கதை என் வீட்டு அழைப்பு மணியை அடித்துக்கொண்டு வந்தது.

திலக் நகரில் இருக்கும் அவன் நான்தான். மாமியின் மடியில் இருந்தது என் தொடரின் பத்தொன்பதாம் அத்தியாயம்.

சஃப்ரீன் இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். மேஜையில் கையெழுத்தில்லாத படிவம். நாளை மாலை ஆறு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. என் மனைவி கொடுத்த டீ ஆறிவிட்டது.

"சார், ஏக் நாம். பஸ், ஒரு பேரு போதும். பேரைச் சொன்னீங்கன்னா போயிட்டே இருப்பேன். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

கொழுந்தனா, டாக்டரா, ஏழாம் அத்தியாயத்தில் ரயிலேறிப் போன அந்தப் பால்காரனா? வாசகரே, யார் மேலாவது உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் உடனே தெரிவியுங்கள். தொடரை நீங்கள் படித்ததில்லை என்பது ஒரு தடையே அல்ல. எழுதியவனின் நிலைமை அதைவிட மோசம். அந்த அத்தியாயத்தை எழுதிய நாளிலிருந்து ஆசிரியரிடமும், மனைவியிடமும், இத்தனை நேரம் உங்களிடமும் மறைத்து வந்ததை இந்தப் பெண்ணிடம்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

கொன்றது யார் என்று எனக்குத் தெரியாது.