பன்னிரண்டாவது சைகை

எலியாவின் வலது கால் இரும்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

தலைக்கு மேல் முப்பது அடித் தண்ணீர். கள்ளிக்காட்டுப் பக்கம் நெய்யாற்றின் ஆழமான ஒரு கயம். அணைக்கட்டு வேலைக்காகத் தெப்பத்தில் ஏற்றிப்போன கான்கிரீட் மிக்ஸர் முந்தாநாள் சரிந்து அதற்குள் போய்விட்டது. அதில் கம்பிவடம் மாட்டத்தான் இரண்டு பேர் இறங்கியிருந்தார்கள். வடம் மாட்டிய நொடியில் மிக்ஸர் அரை முழம் புரண்டது. எலியாவின் கணுக்கால் அதற்கு அடியில்.

இரண்டு கை தூரத்தில் இன்னொருவன், ரெத்தினதாஸ். எலியாவின் மச்சான், எலியாவின் மனைவி விமலகுமாரிக்கு நேர் அண்ணன். அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினான். நலமாக இருக்கிறாயா என்று கேள்வி.

பதிலையும் விரலால்தான் சொல்ல வேண்டும். எலியா தலையை ஆட்டினான்!

நம்மூர்க்காரனிடம் எதைக் கேட்டாலும் வாய்க்கு முன்னால் கழுத்து பதில் சொல்லிவிடும். பயிற்சியின் முதல் நாளே என்ஜினீயர் தாணு சார் எச்சரித்திருந்தார். "தண்ணிக்கடியில தலையாட்டப்பிடாது, கேட்டியளா? முகக் கண்ணாடி விலகும். விலகினா தீந்துது." இந்த ஒரு தப்புக்காக எலியா வாங்கிய வசவுக்குக் கணக்கில்லை.

கண்ணாடி விலகியது. பச்சைத் தண்ணீர் மூக்கில் ஏறியது. எலியா இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தான். மாட்டாத காலால் மணலை உதைத்தான்.

ரெத்தினதாஸ் பாய்ந்து வந்து கண்ணாடியை அவன் முகத்தோடு வைத்து அழுத்தினான். மூக்கால் ஊதச் சொல்லிக் காட்டினான். எலியா ஊதினான். தண்ணீர் வடிந்தது, பயம் வடியவில்லை. வாய்க்குழாயில் காற்றை வாரி வாரி இழுத்தான். முதுகுச் சிலிண்டரில் மிச்சமிருந்தது ஏழெட்டு நிமிடக் காற்று. அமைதியாக மூச்சுவிட்டால்தான் அந்தக் கணக்கு. இப்படி உதறினால் மூன்று நிமிடம் தாங்காது.

மிக்ஸரை நெம்ப ஒரு கம்பிப்பாரை வேண்டும். பாரை மேலே தெப்பத்தில் கிடந்தது. ரெத்தினதாஸ் எலியாவைத் தனியே விட்டு மேலே போய் எடுத்து வர வேண்டும். அவன் திரும்பும்வரை எலியா அசையாமல் கிடக்க வேண்டும்.

அசையாமல் கிடப்பானா? இந்த மச்சானை நம்பியா?

அது 1955. நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்துப் பக்கமே நிற்குமா என்று சாயாக்கடை தோறும் மண்டை உடைந்த நேரம். ரெத்தினதாஸ் தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட குளத்தூர்ப் போராட்டக் கமிட்டியின் செயலாளர். இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவன். எலியாவோ, "கோர்ட்டும் சந்தையும் கைக்கெட்டின தூரத்துல கெடக்குது. மதராசுக்கு எவன் போவான்?" என்று எதிர்த் தரப்பு மகஜரில் கையெழுத்துப் போட்டவன்.

கையெழுத்து விஷயம் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு தேவாலய முற்றத்தில் ரெத்தினதாஸ் கத்தினான்.

"எலே, இனி செத்தாலும் உன்கிட்ட மிண்டமாட்டேன்!"

"மிண்டண்டாம். என் காதுக்கு நல்ல சுகம்."

பேச்சு நின்று எட்டு மாதம். ஆனால் பம்பாயிலிருந்து வந்த இரண்டு காற்றுச் சிலிண்டர்களுக்கு ஆள் பொறுக்கியபோது, டாக்டரின் நுரையீரல் சோதனையில் தேறியது இவர்கள் இருவர் மட்டும். கரையில் தாணு சார் தபால்காரர் ஆனார்.

"சார், அவனுக்க பெல்ட்டு அயஞ்சு கெடக்கு. சொல்லுங்க."

"சார், எனக்குக் கண்ணு உண்டும்னு சொல்லுங்க."

தண்ணீருக்கு அடியில் தபால்காரர் கிடையாது. அங்கே பதினொரு சைகைகள். கட்டைவிரல் மேலே என்றால் ஏறு. கீழே என்றால் இறங்கு. விரித்த உள்ளங்கை என்றால் நில். கழுத்துக்குக் குறுக்கே கை போனால் காற்று இல்லை. கரையில் முகம் பார்க்காதவர்கள் அடியில் போனதும் ஓயாமல் பேசினார்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை ரெத்தினதாஸ் வளையம் காட்டிக் கேட்பான். எலியா தலையாட்டி மாட்டிக்கொள்வான்.

இப்போதும் ரெத்தினதாஸ் விரித்த உள்ளங்கையைக் காட்டினான். நில். எலியா நிற்கவில்லை. ரெத்தினதாஸ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். எலியா அவன் கையைத் தட்டிவிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் விழிகள் பிதுங்கியிருந்தன.

சட்டென்று ரெத்தினதாஸ் மணலில் முழங்கால் போட்டான். இரண்டு கையாலும் ஏதோ செய்து காட்டினான். தாணு சாரின் பதினொன்றில் அது கிடையாது.

எலியாவின் கால் உதைப்பதை நிறுத்தியது. கைகள் தொங்கின. அவன் மச்சானையே வெறித்தான். பிறகு வாய்க்குழாயைச் சுற்றிக் குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. எலியா சிரித்துக்கொண்டிருந்தான்!

ரெத்தினதாஸ் தன் நெஞ்சைத் தொட்டு மேலே விரல் காட்டினான். எலியாவைத் தொட்டு உள்ளங்கை விரித்தான். நான் போய் வருகிறேன், நீ இரு. எலியா விரலை வளைத்து வளையம் காட்டினான். தலை ஆடவில்லை.

ஒன்றரை நிமிடத்தில் ரெத்தினதாஸ் பாரையோடு திரும்பினான். இடுக்கில் செருகி முழு எடையையும் போட்டான். மிக்ஸர் முனகி, நான்கு விரல் உயர்ந்தது. கால் வெளியே வந்தது. இரண்டு கட்டைவிரல்கள் ஒன்றாக மேலே நிமிர்ந்தன.

தெப்பத்தில் எலியாவின் கணுக்கால் பப்பாளிக்காய் போல வீங்கியிருந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. ரெத்தினதாஸ் அதைத் தடவிப் பார்த்து, எட்டு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தான்.

"நோவுதா, எலே?"

"நோவாதா பின்ன? மெதுவாப் பிடியும் மச்சான்."

நடந்ததைக் கேட்டுத் தாணு சார் நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார். "பேடிச்சவன ஒரு நொடியில அடக்கின சைகையாக்கும். காட்டும், பன்னிரண்டாவதா எழுதிக்கிடுதேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அது எழுதக்கூடிய காரியம் இல்ல சார்," என்றான் ரெத்தினதாஸ்.

"குடும்ப விசயம்," என்றான் எலியா.

கமிட்டி ஆட்கள் கேட்டார்கள். சபைப் போதகர் கேட்டார். விமலகுமாரி சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். மறுவருடம் நவம்பர் முதல் தேதி எல்லை பிரிந்தது. பக்கத்துத் தாலுகா விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அடுத்த ஞாயிறு மதியம் ரெத்தினதாஸ் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தான். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும் வயிற்றுக்குள் போகப் போகத் தெளிந்தது.

விமலகுமாரி அகப்பையை ஓங்கினாள். "அண்ணே, கமிட்டியும் கலைஞ்சாச்சு. இனி எவனுக்குப் பேடிக்கணும்? இப்பம் சொல்லல்லன்னா ரெண்டுபேருக்கும் மீன் இல்ல."

ரெத்தினதாஸ் சட்டியை ஒரு பார்வை பார்த்தான்.

"சொல்லுதேன் மக்கா. உனக்க மாப்பிள கெடந்து துள்ளுதான், காத்து தீருது. நான் எதிரின்னு நெனச்சு என்னைய நம்பல்ல. நான் அடிமணல்ல வெரலால ஒரு கோடு கீறினேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீன்னு நெஞ்சத் தொட்டுக் காட்டினேன். பொறவு எனக்க பக்கத்து மணல ரெண்டு கையாலயும் வாரி அவனுக்க பக்கம் தள்ளினேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

எலியா சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறினான்.

"நெய்யாற்றின்கரைத் தாலுகா மொத்தத்தையும் உனக்க அண்ணன் அன்னைக்கே எனக்கு விட்டுத் தந்தாச்சு, எடீ!"