சக்கரம் வைத்த நிழற்குடை

வாலிநோக்கம் போகும் வழியில் இருந்த அந்த ஊருக்கு இரண்டே தெருக்கள். மேலத்தெருவில் விவசாயிகள், கடற்கரைத் தெருவில் மீன்காரர்களும் வளைகுடா போய் வந்தவர்களும். ஊராட்சித் தலைவி ராக்கு, பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு ஒரு நிழற்குடை கட்ட நினைத்தாள். எந்தத் தெரு முக்கில் அடையாளம் வைத்தாலும் அடுத்த தெருக்காரர்கள் மறியல் செய்தார்கள். நடுவில் கட்டலாமென்றால் நடு எது என்பதில் அடிதடி. அளக்க வந்த சர்வேயரின் டேப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். அவர் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் இராமநாதபுரத்திலிருந்து ஜஸீலாவைக் கூப்பிட்டாள் ராக்கு. ஜஸீலா கட்டடக்கலை படித்தவள். பள்ளிக்கூடங்களும் மீன் சந்தையும் வடிவமைத்துப் பேர் வாங்கியவள். அவள் வட்டமாக ஒரு நிழற்குடை வரைந்து காட்டினாள்.

"வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள்.

சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் வரைந்தாள்.

"மொதல் தூண் எந்தப் பக்கம்?"

ஜஸீலாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப சக்கரம் வச்சே தாரேன். ஆளுக்கு ஒரு வாரம் தள்ளிக்கிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. கடற்கரைத் தெரு காஜா நவாஸ் எழுந்து, "பிரேக் எங்க பக்கம் இருக்கணும்மா" என்றார். மேலத்தெருவில் சலசலப்பு எழுந்தது. தெருவுக்கு ஒன்றாக இரண்டு பிரேக் என்று ராக்கு முடித்துவைத்தாள்.

பழைய லாரிச் சக்கரங்களின் மேல் தகரக் கூரையும் நீளமான பெஞ்சுமாக நிழற்குடை வந்தது. ஞாயிறுதோறும் அது தெரு மாறியது. பஸ் டிரைவர் மருதுபாண்டிக்கு வந்த உத்தரவு, நிழற்குடை எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான். அவர் அப்படியே செய்தார்.

ஆடிக் காற்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலத்தெருக்காரர்கள் தங்கள் வாரம் முடிந்ததென்று பிரேக்கைத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். முறைப்படி ஒப்படைக்காமல் தொட மாட்டோம் என்று கடற்கரைத் தெருக்காரர்கள் தங்கள் பிரேக்கைப் போடவில்லை. பெஞ்சின் ஒரு முனையில் மேலத்தெரு மாலதியும் மறுமுனையில் கடற்கரைத் தெரு குல்சுமும் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரை காற்றைப் பிடித்ததும் நிழற்குடை கிளம்பியது.

"எறங்கிருவமா?" என்றாள் மாலதி. அவள் குல்சுமிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீ எறங்கு. நான் எந்திரிச்சா எடம் போயிரும்."

"எனக்கு மட்டும் போகாதாக்கும்?"

இருவரும் இறங்கவில்லை. நிழற்குடை உப்பளத்துப் பாதையில் உருண்டு போனது. உத்தரவை மீறக் கூடாதே என்று மருதுபாண்டி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடியே பின்னால் போனார். பாத்திகளுக்கு நடுவே சேற்றில் சக்கரங்கள் புதைந்து நிழற்குடை நின்றது. பஸ்ஸும் நின்றது. இரண்டு பேரும் ஏறி டிக்கெட் வாங்கினார்கள்.

மறுநாள் ஜஸீலா டிராக்டரோடு வந்தாள். தன் வேடிக்கைப் பேச்சால் யாருக்காவது கை கால் போயிருந்தால் என்ற நினைப்பில் அவள் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. டிராக்டருக்கு முன்னால் இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து நின்றார்கள்.

"இங்கனயே கெடக்கட்டும்மா," என்றார் காஜா நவாஸ். "ரெண்டு தெருவுக்கும் தூரம்."

"வெயில்ல இவ்வளவு தூரம் நடக்கணுமே?"

"அவுகளும் நடக்கணும்ல," என்றாள் மாலதி.

ஜஸீலா ராக்குவைப் பார்த்தாள். "அக்கா, மழைக்காலத்துல இங்கன இடுப்பளவு தண்ணி நிக்கும்."

"நிக்கட்டும்மா. எல்லாரும் நனைஞ்சா ஒருத்தரும் மனு குடுக்க மாட்டாக."

ஜஸீலா டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் ஊருக்குப் போக அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். பஸ் வந்ததும் எல்லாரும் ஏறினார்கள். உப்பளத்தில் அதைத் திருப்ப இடமில்லை. மெயின் ரோடு வரைக்கும் மருதுபாண்டி ரிவர்ஸில்தான் ஓட்டினார். இடது ஜன்னலில் குல்சுமும் வலது ஜன்னலில் மாலதியும் தலையை நீட்டி, "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.