ஏழரை மணிப் பந்தி

சுற்றுலாக் கப்பலில் ஏறி இன்னும் பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"ராத்திரிச் சாப்பாடு ரெண்டு அமர்வா நடக்கும். முதல் அமர்வு அஞ்சரைக்கு, ரெண்டாவது ஏழரைக்கு. இப்ப எதைச் சொல்றீங்களோ, இறங்கற வரைக்கும் அதே நேரம், அதே மேசை. உங்களுக்கு எது?" என்று வரவேற்பு மேசைப் பெண் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அமர்வு என்று அவள் நாகரிகமாகச் சொன்னாளே தவிர, வரிசையில் நின்ற கூட்டத்துக்கு அது அந்த நொடியே பந்தி ஆகிவிட்டது. நின்றவர்கள் எல்லாரும் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரிகளும். "பந்திக்கு முந்திக்கணும்ப்பா, படைக்குத்தான் பிந்திக்கணும்" என்றார் ஒருவர். "ஏழரைக்கா? கூட்டிட்டு வந்திருக்கற ஏழரை பத்தாதா?" என்று இன்னொருவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்ல, ஆண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

மருந்துக்கடை அக்காவும் சிரித்து வைத்தாள். தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரே மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவளுக்கு வேறு பெயர் எதற்கு? அவள் புருஷன், நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவளுக்கு முன்னால் நின்றார். அவளுக்கு எந்தப் பந்தியானாலும் சம்மதம்தான். ஒன்றே ஒன்று வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில், அவசரமில்லாமல் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட வேண்டும். சிரிக்காதீர்கள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அது மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை.

கடை அவளை ஏழு மணிக்கு விடும். நிலையம் அவரை எட்டு மணிக்குக் கூப்பிடும். அவள் படியேறும்போது அவர் இறங்குவார், வாசலில் சாவி கைமாறும், அவ்வளவுதான் குடும்பம். காலையிலேயே அவள் சமைத்துக் கட்டி வைத்த டப்பா அவர் கையில் தொங்கும். "நைட் டூட்டியை என் தலையில கட்டிட்டாங்கம்மா, என்ன பண்றது" என்பார். அவள் நம்பினாள். வார விடுமுறையில் மட்டும் என்ன வாழ்ந்தது? "உடம்பு கேக்கல" என்று பொழுது சாயும் முன்பே தனியாகத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். போன மாதம் ஓய்வு பெற்ற பிறகும் அதே கதைதான். "பழக்கதோஷம், கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்காகத்தான் அவள் இந்தக் கப்பலையே நம்பியிருந்தாள்.

"எனக்கு முதல் பந்தி. அவங்களுக்கு ரெண்டாவது" என்றார் அவர் மேசைப் பெண்ணிடம்.

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "என்னங்க சொல்றீங்க?"

"உனக்கு அஞ்சரைக்குப் பசிக்காதும்மா. எனக்கு ஏழரை வரைக்கும் தாங்காது. அவங்கவங்க வசதிக்கு இருப்போமே, எதுக்கு வயித்தைக் கஷ்டப்படுத்தணும்?"

"பொண்டாட்டி பசியை நெனச்சுப் பாக்கற ஆம்பளை! குடுத்து வெச்சவடி நீ" என்று பின்னால் நின்ற சூப்பர்வைசர் வீட்டம்மா அவள் தோளைத் தட்டினாள். இந்த மாதிரிப் பாராட்டு வந்து விழுந்த பிறகு யார்தான் வாயைத் திறக்க முடியும்? மேசைப் பெண் இரண்டு அட்டைகளை நீட்டினாள். அவள் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

அன்று ஏழரைக்கு அவள் மட்டும் போனாள். வட்ட மேசை. ஓய்வு பெற்ற டீச்சர்கள் இரண்டு பேர், அக்காவும் தங்கையும். தனியாக வந்திருந்த ஒரு பல் டாக்டர். அவளுக்கு எதிர் நாற்காலி காலியாகக் கிடந்தது. மூன்று பேரும் நல்ல மனிதர்கள், பேச்சும் நன்றாகத்தான் போனது. ஆனால் வாயில் போட்ட ஒவ்வொரு கவளமும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்கியது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வரவேற்பு மேசைக்குப் போய்க் கேட்டாள். முதல் பந்தி நிரம்பிவிட்டதாம். "ஆனா சாரை உங்க மேசைக்கு மாத்தலாம் மேடம். உங்க எதிர் நாற்காலி காலியாத்தான் இருக்கு. சார் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." அவள் ஓடிவந்து சொன்னாள். அவர் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"விடேன். பழகினது பழகினதாவே இருக்கட்டுமே."

"டூட்டிதான் முடிஞ்சு போச்சேங்க."

"ம்" என்றார் அவர். கண்ணைத் திறக்கவில்லை.

மத்தியானம் டீ குடிக்கிற இடத்தில்தான் இடி விழுந்தது. போட்டவர் சூப்பர்வைசர். பாவம், அவர் வெள்ளை மனசோடு புகழத்தான் வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் மட்டும் இல்லேன்னா நான் என்னிக்கோ பைத்தியமாகியிருப்பேன்மா. ஷிஃப்ட் போடறதுதான் என் தலைவலி. வாராவாரம் மாத்திப் போடணும், அதான் முறை. நைட்டுன்னா ஒருத்தனுக்குக் காய்ச்சல், இன்னொருத்தனுக்குப் பாட்டி செத்துட்டா. இவர்தான் தானா வந்து, எனக்கு எப்பவும் நைட்டே போட்டுருங்க சார்னு கேட்டு வாங்கினாரு."

அவள் கப்பைக் கீழே வைத்தாள். "அவரா கேட்டாரா?"

"பின்னே? பகலுக்கு வாய்யான்னு நானே எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன். வேணாம்னுட்டாரு. கல்யாணமான புதுசுலயே கேட்டாரும்மா. புது மாப்பிள்ளை நைட் டூட்டி கேக்கறான்யான்னு நாங்கல்லாம் கிண்டல் பண்ணோம். உங்களுக்குத் தெரியாததா என்ன?"

"தெரியும்" என்றாள். வேறென்ன சொல்வாள்? ஊர் அறிந்த சேதி, கட்டிக்கொண்டவளுக்கு மட்டும் தெரியாது என்றா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இந்த மனுஷன் இருபத்தெட்டு வருஷமாகத் தினம் ஒரு டப்பா சோற்றில் மறைத்திருக்கிறார்! அவள் கையால் கட்டிக் கொடுத்த சோற்றில்! அறைக்குப் போகிற நடையில் அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. பகலில் அவர் தூங்க வேண்டும் என்று அவள் என்னவெல்லாம் செய்தாள். மாடி வீட்டில் ஆணி அடித்தால் போய்ச் சண்டை போட்டாள், இன்றுவரை அந்த வீட்டுக்காரி முகம் கொடுப்பதில்லை. கதவு மணியைக் கழற்றினாள். பெற்ற பெண்ணை, "உஷ், அப்பா தூங்கறாங்க" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். பாடத்தை வாய்விட்டுப் படிக்க அந்தப் பிள்ளை மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போகும். இப்போது கல்யாணமாகிப் போன இடத்தில், "உங்க பொண்ணு பேசறது எனக்கே கேக்க மாட்டேங்குது அத்தை" என்று மாப்பிள்ளை புகார் சொல்கிறார். எல்லாம் எதற்கு? வேலைக்குப் போகிற மனுஷனின் தூக்கம் கெடக்கூடாது என்று. அந்த மனுஷனோ அவளிடமிருந்து தப்பிக்கத்தான் வேலைக்கே போயிருக்கிறார்.

அறையில் அவர் முதல் பந்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"நைட் டூட்டி நீங்களா கேட்டு வாங்கினதா?"

சீப்பு நின்றது. "யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? ஆமாவா, இல்லையா?"

"அது எந்தக் காலத்துக் கதை. இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

"ஏன் கேட்டீங்க? எம்மேல என்ன குறை? மருந்து வாடை அடிக்குதா? மூஞ்சியைப் பாத்தா சோறு எறங்கலியா? சொல்லுங்க!"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சீப்பின் பல்லை நிமிண்டினார். "எனக்குப் பேச வராதும்மா. எதிர்ல உக்காந்தா நீ ஏதாவது எதிர்பார்ப்ப. என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு அந்தப் பம்ப்பே தேவலைன்னு போயிட்டேன்."

"இதை எங்கிட்டச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொல்ல ஆரம்பிச்சா அதுவே பேச்சாயிடுமே."

இந்தப் பதிலுக்கு அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? அவளுக்கு இரண்டும் வந்தது. ஆனால் சொல்லத்தான் வேண்டும், உள்ளே எங்கோ ஒரு மூலையில் இரக்கமும் வந்து தொலைத்தது. பேச வராத ஜென்மத்தை என்ன செய்வது? கை வராதவனை எழுதவில்லை என்று அடிப்பதா? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு ஏழரைக்கு வாங்க. ஒரு வார்த்தை பேச வேணாம். எதிர்ல உக்காந்து சாப்பிடுங்க, போதும்."

அவர் மேசைப் பெண்ணிடம் போய்ச் சொன்னார். ஏழரைக்கு வரவும் செய்தார். வெள்ளைச் சட்டை போட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி அடிக்கவில்லை. டீச்சர் அக்கா அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.

"சாருக்கு எதுல வேலை?" என்று பல் டாக்டர் கேட்டார், ஒரு மரியாதைக்கு.

"தண்ணி பம்ப்பு. அதைக் கேளுங்க டாக்டர்" என்று ஆரம்பித்தார் பாருங்கள், மடை திறந்துகொண்டது. ஒரு ராத்திரி பம்ப் அறைக்குள் பாம்பு என்று ஒருவன் அலறியதையும், மூன்று பேர் மேசைமேல் ஏறி நின்றதையும், அதில் ஒருவன் வேண்டாத தெய்வமில்லை என்பதையும், விடிந்து பார்த்தால் அது ரப்பர் குழாய் என்பதையும் குரலை மாற்றி மாற்றிச் சொன்னார். கையை ஆட்டினார், எழுந்து நின்றே நடித்துக் காட்டினார். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். டீச்சர்கள் இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கதை முடிந்து இன்னொன்று, அது முடிந்து வேறொன்று.

அவளும் முதலில் சிரித்தாள். எல்லாரையும்விட அவள்தான் அதிகம் சிரித்தாள், ஏனென்றால் ஒன்றையும் அவள் அதற்கு முன் கேட்டதில்லை. ஆசையாக முன்னால் குனிந்து, "அப்புறம் அந்த வேண்டிக்கிட்டவரு என்ன பண்ணாருங்க?" என்று கேட்டாள்.

"ம்" என்றார் அவர், தட்டைப் பார்த்து. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "அதைவிடக் கூத்து கேளுங்க" என்றார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"இதெல்லாம் ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல?"

"உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?"

"பேச வராதுன்னு சொன்னீங்க." அவள் குரல் ஏறியது. "அஞ்சு மணிக்கு, அந்த ரூம்ல உக்காந்து, பேச வராதுன்னு எங்கிட்டச் சொன்னீங்க. நானும் பாவம்னு மூஞ்சியைக் கழுவிட்டு வந்தேன். இதுவா பேச வராத வாய்? ஊர் பேரு தெரியாதவங்ககிட்ட ஆறா ஓடுது! உங்களுக்கு எங்கூடத்தான் பேச வராது. அதைச் சொல்லியிருந்தா நானும் அன்னிக்கே என் வழியைப் பாத்திருப்பேனே!"

"மெதுவா பேசு. நாலு பேரு பாக்கறாங்க."

"மெதுவா பேசு, மெதுவா பேசுன்னுதான் என் பொண்ணு தொண்டையையே தொலைச்சுட்டு நிக்குது. பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்!"

பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. பரிமாறுகிற பெண் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டாள். மருந்துக்கடை அக்கா அந்தப் பெண் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நாளையிலேர்ந்து சாருக்குப் பழையபடி முதல் பந்தி. எனக்கு இதே ஏழரை."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். "சார், மாத்திடலாமா?"

"அவரைக் கேக்க வேணாம். இத்தனை வருஷம் அவரா கேட்டு வாங்கினாரு. இப்ப நான் போடறேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அப்ப நான் எழுந்து போயிடறேன்."

"உக்காருங்க. பந்தியில உக்காந்தவரை எழுப்பற பழக்கம் எனக்கில்ல. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு டீச்சர் தங்கை பக்கம் திரும்பி, "நேத்து பாதியில நிறுத்தினீங்களே, பள்ளிக்கூட மணி காணாமப் போன கதை. எடுத்தது யாரு?" என்றாள். தங்கை தன் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைத்தாள். தயங்கித் தயங்கிக் கதை ஆரம்பித்தது, பிறகு சூடு பிடித்தது. நடுநடுவே இவள் கேள்வி கேட்டாள், டாக்டர் ஏதோ சொன்னார்.

அவர் சீக்கிரமே சாப்பிட்டு முடித்துவிட்டார். எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியாமல் காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். யாராவது தன்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை.