வட்டரங்கில் அப்பாவின் இடம்

சவப்பெட்டியின் தலைமாட்டில் கேவின் அப்பாவின் படத்தை நிறுத்தினான். கோணலாக நின்றது. தங்கை கிறிஸ்டின் அதை நிமிர்த்தாமல் விட்டாள்.

இத்தாலியில் கேவின் குடியிருக்கும் ஊரின் நடுவில், ரோமர்கள் கட்டிய வட்டரங்கு ஒன்று பாதி இடிந்து கிடக்கிறது. சுற்றிலும் பஸ்ஸும் துணிக்கடையும். படத்தில், அதன் கல்படியில் உட்கார்ந்து அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது எடுத்த படம். ரயில்வேயில் காலம் தள்ளிய அப்பா மரியநாயகம், மலேசியாவில் கிள்ளானுக்குத் திரும்பியபின் பூசை முடிந்து ஒருவரையும் லேசில் வீட்டுக்குப் போகவிட்டதில்லை. சிங்கம் வந்த வாசல், விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகள் விழுந்த மண் என்று வாய் ஓயாது.

"தங்கமான பிள்ளைலா ஆன்டி," என்று பக்கத்து வீட்டு வாணி, அம்மா கேத்தரினின் கையைப் பிடித்தாள். "அங்கிள டெய்லி அங்க கூட்டிட்டுப் போயிருக்காரே!"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

கிறிஸ்டின் கேவினைப் பார்த்தாள். டெய்லி கூட்டிப் போனான், உண்மைதான். வேலைக்குப் போகிற வழியில் இறக்கிவிட்டு, வேலை முடிந்து ஏற்றிக்கொண்டான். பகலில் வீட்டில் ஆள் இருந்தால் மருமகளுக்கு ஆகாது. கிறிஸ்டின் எப்போது வீடியோவில் கூப்பிட்டாலும் அதே படி, அதே ஜாக்கெட், மடியில் காய்ந்த ரொட்டி. மழை பெய்தால் வளைவுக்கு அடியில் ஒதுங்கியிருப்பார். "இப்பத்தாம்மா வந்தேன்," என்பார். ஒருநாள் மட்டும், "அம்மாகிட்ட சொல்லிராத," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கேவின் வந்திருந்தவர்களிடம் பேச ஆரம்பித்தான். "டேடிக்கு அந்த இடம்னா உயிரு. நாளைக்கும் அங்கயே விட்டுடுப்பான்னு அவரேதான் கேப்பாரு."

பேச்சு நன்றாகத்தான் வந்தது. இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். கிறிஸ்டின் எழுந்தாள். அம்மா அழுதாலும் சரி, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று எழுந்தாள்.

அதற்குள் அம்மா அறைக்குள் போய்த் திரும்பினாள். கையில் நீல நிறக் குஷன். அப்பா இத்தாலியிலிருந்து கொண்டுவந்து, வேறு யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தது.

பெட்டியை மூட வந்த கன்னையாவிடம், "இத அவருக்கு அடியில வைக்கணும்பா," என்றாள்.

"ஜெபமாலைதானே ஆன்டி வைப்பாங்க? இது எதுக்கு?"

"அங்க டிக்கெட் கொடுக்கிற பொம்பள கொடுத்தது. காலையிலேருந்து பொழுது சாயிற வரைக்கும் ஒரு மனுஷன் கல்லுல உக்காந்திருக்கானேன்னு அவளுக்குப் பொறுக்கல."



"உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றாள் கிறிஸ்டின்.

"பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா? வந்ததுலேருந்து தூக்கத்துல எல்லாத்தையும் பொலம்புவாரு, கேப்பாரு. எப்பப்பா வருவ, எப்பப்பா வருவன்னு."

"மம்மி..." என்றான் கேவின்.

"வந்துட்டல்ல. தூக்கு."

அவன் பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் இடுப்பைத் தூக்கினான். கிறிஸ்டின் குஷனைச் செருகினாள். நிமிர்ந்தபோது படம் கண்ணில் பட்டது. கேவின் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்த படத்தில், அப்பாவுக்கு அடியில் நீலமாக ஓர் ஓரம் தெரிந்தது.