தட்டை நிரப்பினால் தோற்கும் மாத்திரை

அக்கா புருஷன் நடத்தும் மருந்துக் கம்பெனியில் பரிசோதகராக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் 'சார்', வீட்டில் 'அத்தான்'. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாமல் அவள் ஆறு வருஷம் ஓட்டிவிட்டாள். மாட்டிக்கொண்டது, எடைக் குறைப்பு மாத்திரை வந்தபோதுதான்.

மாத்திரையில் சரக்கு இல்லாமல் இல்லை. நாம் தின்னும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க எச்சிலிலும் குடலிலும் ஒரு நொதி இருக்கிறது. ஒரு விதையிலிருந்து எடுத்த இந்தச் சாறு அந்த நொதியைத் தடுத்தது. அவளே பலமுறை செய்து பார்த்துவிட்டாள். சர்க்கரை உண்டான குழாயில் நீல மருந்தை ஊற்றிச் சூடாக்கினால் செங்கல் நிறமாகும். மாத்திரை கரைத்த குழாய் மட்டும் நீலமாகவே நிற்கும்.

அந்த நீலத்தைப் பார்த்து அத்தான் பூரித்துப்போனார். மறுநாளே பெட்டிக்கான வாசகத்தோடு வந்து நின்றார்: 'வயிறு முட்டச் சாப்பிடுங்கள்! மிச்சத்தை எங்கள் மாத்திரை பார்த்துக்கொள்ளும்!' அதன் கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுல கையெழுத்துப் போட முடியாது சார்."

"ஏன்? தடுக்குதுன்னு நீதானேம்மா சொன்னே?"

"தடுக்குதுதான். எப்படித் தடுக்குதுன்னு கேளுங்க. நொதியில மாவு வந்து உக்கார ஒரு இடம் இருக்கு. நம்ம சாறு முந்திக்கிட்டு அந்த இடத்துல உக்காந்துக்குது. மாவு கொஞ்சமா இருந்தா வெளியிலயே நிக்கும். கூட்டமா வந்தா? சாறு எப்ப எந்திரிக்கும்னு பாத்து மாவு பூந்துடும். சாப்பாடு கூடக் கூட மாத்திரை தோத்துப்போகும். வயிறு முட்டச் சாப்பிட்டா, மாத்திரை முழுங்கினதே வீண்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொழந்தைக்கும் புரியிற மாதிரி சொல்றே. இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதே."

கையெழுத்துக் கோடு காலியாகவே இருக்க, அறிமுக விழாவுக்கு எண்பது மருந்துக்கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். மேடையில் அவள் மாவும் நொதியும் கலந்த இரண்டு குழாய்களில் நீல மருந்தை விட்டுச் சூடாக்கினாள். மாத்திரை இல்லாதது சிவந்தது. "சிவப்புன்னா சர்க்கரை உண்டாயிடுச்சுன்னு அர்த்தம்" என்று விளக்கினாள். மாத்திரை போட்டது நீலமாகவே நின்றது. ஒரே கைத்தட்டல்.

கைத்தட்டல் அத்தானுக்குத் தலைக்கேறியது. "இது என்னங்க, ரெண்டு சொட்டு மாவு! நம்ம மாத்திரைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றபடி மாவுக் கரைசல் இருந்த குவளையைத் தூக்கினார்.

"அத்தான், வேணாம்!" என்று அவள் பதறினாள். எண்பது பேரும் கேட்டார்கள். அதற்குள் மாத்திரையும் நொதியும் போட்டு வைத்திருந்த மூன்றாவது குழாயில் கழுத்துவரை ஊற்றிவிட்டார்.

நொதி வேலை செய்து முடிக்கும்வரை பத்து நிமிஷம் ஜோக்கடித்துச் சமாளித்தார். பிறகு அவள் நீல மருந்தை விட்டுச் சூடாக்கினாள். குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் சூளையிலிருந்து எடுத்த செங்கலாகவே ஆகிவிட்டது.

அத்தான் அசரவில்லை. "பாத்தீங்களா! என்ன வேகம், என்ன பவர்!"

பாதிப் பேர் கைதட்டவும் செய்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்தார். "சிவப்புன்னா சர்க்கரைன்னு இப்பதானே அந்தம்மா சொன்னாங்க?"

எண்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அத்தானின் கண் கெஞ்சியது.

"ஆமாங்க, சர்க்கரைதான்" என்றாள்.

அன்று தீர்ந்துபோனது மேஜையில் வைத்திருந்த கேக் மட்டும்தான். மாத்திரைப் பெட்டிகள் போன வண்டியிலேயே திரும்பி வந்தன.

சாயங்காலம் அக்கா வீட்டில் அத்தான் சாப்பிட உட்கார்ந்தார். சொந்த மாத்திரையின் முதல் வாடிக்கையாளர் அவர்தான். மூன்று மாதமாக வேளாவேளைக்கு அதை விழுங்கிவிட்டு, அந்தத் தைரியத்தில் மூன்று தட்டு சாப்பிட்டு, நாலு கிலோ கூடியிருந்தார்.

"கொஞ்சமா சாப்பிட்டா மாத்திரை ஜெயிக்குமாமே" என்றாள் அக்கா. "அப்ப கொஞ்சமா சாப்பிடுங்கன்னே பெட்டியில போடுங்களேன்." சொல்லிக்கொண்டே அவர் தட்டிலிருந்து பாதியை எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் போட்டாள்.

போன பாதியை அத்தான் கவனிக்கவே இல்லை. புதையலைக் கண்டவர்போல அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் பெட்டி வந்தது: 'பாதித் தட்டு போதும். மாத்திரை முழுப் பலன் தரும்.' பிய்த்துக்கொண்டு போயிற்று. எடை இறங்கியவர்கள் படத்தோடு கடிதம் போட்டார்கள். அத்தானே பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார்.

அவளுக்கு மட்டும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. பேக்கிங் பிரிவில் சம்மதித்த இருபது பெண்களை இரண்டாகப் பிரித்தாள். எல்லோருக்கும் பாதித் தட்டு. பத்துப் பேருக்கு மட்டும் மாத்திரை. ஆறு வாரம் கழித்து எடை பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் இறங்கியிருந்தது. அறிக்கையை அத்தான் மேஜையில் வைத்தாள்.

"எடை இறங்கினது பாதித் தட்டாலதான் சார்."

அவர் இரண்டு தடவை படித்தார். "மாத்திரையால கெடுதல் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப அது பாட்டுக்குக் கூட வந்துட்டுப் போகட்டுமேம்மா!"

"வரட்டும். ஆனா பெட்டிக்குள்ள வைக்கிற நோட்டீஸ்ல இதையும் போடணும். இல்லேன்னா என்னை விட்டுடுங்க, நான் வேற இடம் பாத்துக்கறேன்."

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், அக்கா வீட்டில் என்ன சொன்னாளோ, சம்மதித்தார். அச்சாகி வந்தது: நோட்டீஸின் பின்பக்கம், கடைசி வரி, எறும்பு அளவு எழுத்து.

ஒரு வாரம் கழித்து, எங்கோ தூரத்திலிருந்து மருந்துக்கடை நடத்தும் ஒரு அம்மா போன் செய்தாள்.

"அந்தக் கடைசி வரி நீங்க எழுதினதாம்மா? பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன்."

"ஆமாங்க."

"எனக்கு அந்த நோட்டீஸ் மட்டும் ஒரு ஐநூறு அனுப்புங்க. மாத்திரை வேணாம்."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, எதிரே இருந்த அத்தானிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி படிக்கணுமா, பின்னாடியான்னு ஒரு வரி சேத்து அனுப்பிடு" என்றார்.