எந்த ரிமோட்டுக்கும் மசியாத பெட்டி

அடி அண்ணாமலையிலிருந்து பௌர்ணமி அன்றைக்குப் போய் டவுனில் எவளாவது ரிமோட்டு வாங்குவாளா? பாஞ்சாலை போனாள். ஆட்டோ கிடையாது, பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலம் போகிற ஜனத்தோடு ஜனமாக நடந்தாள். எல்லாரும் அரோகரா போட, இவள் மனசில் ரிமோட்டைத் தவிர வேறு சாமியே இல்லை.

பின்னே என்ன செய்வாள், பாவம்! புருஷன் சக்கரவர்த்தி வாதத்தில் விழுந்து படுத்த படுக்கை. பேச்சு போச்சு, வலது பக்கம் போச்சு. இடது கைக் கட்டைவிரல் மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்கும். மகன் இளவரசன் ஓசூருக்கு வேலைக்குக் கிளம்புமுன் ஒரு கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து, படமும் பாட்டுமாக நிரப்பி, அப்பன் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஒன்றைத்தான் மனுஷன் யார் கையையும் எதிர்பார்க்காமல் செய்துவந்தான். போன வாரம் அதுவும் நின்றுபோச்சு. அன்றைக்குச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியவன்தான். பாஞ்சாலை மவுஸைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படமாங்க? இதுவா?" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வான். கஞ்சியை வாய்கிட்டே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வான். கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு.

முதலில் வாங்கிவந்த ரிமோட்டு டிவியை அணைத்தது, அவ்வளவுதான். அடுத்தது எல்லாத்துக்கும் சேரும் என்று சொல்லி விற்றது, எதுக்கும் சேரவில்லை. மூன்றாவது இளவரசனே பேர் சொல்லி வாங்கச் சொன்னது. அதுவும் மக்கர்.

"தம்பி, அந்த மனுஷன் பட்டினி கெடந்தே செத்துடுவாருப்பா. சேர்ற ரிமோட்டா ஒண்ணு குடு!" கடைக்கூட்டத்துக்கு நடுவிலேயே ஓவென்று அழுதுவிட்டாள்.

கடைக்கார அருண்பிரசாத் அவள் கொண்டுவந்த ரிமோட்டின் முனைக்கு நேரே செல்போன் கேமராவைப் பிடித்து, பொத்தானை அழுத்தினான். செல்போனில் வெளிச்சம் மினுக்கியது. "ரிமோட்டு நல்லாத்தாங்க்கா கீது. சிக்னல வாங்குற பக்கம்தான் கோளாறு. டிவிகிட்ட, கம்ப்யூட்டர் ஒயர் முனையில கறுப்பா சின்னதா ஒரு கண்ணு இருக்கும். அத்த போய்ப் பாருங்க."

கூட்டத்தை எதிர்த்து முட்டி மோதி வீடு வந்தாள். டிவிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அடக் கடவுளே! அந்தக் கண்ணின் நட்டநடுவில் காய்ந்து கெட்டியான சந்தனம், மேலே குங்குமம். போன வாரம் ஆயுத பூஜைக்கு மிக்சிக்கும் கிரைண்டருக்கும் வைத்த கையோடு, 'என் வூட்டுக்காரரை எழுப்பி வுடு சாமி' என்று வேண்டி இவளே வைத்த பொட்டு! மறுநாள் பழைய ரிமோட்டு செத்துப்போச்சு என்று குப்பை வண்டியில் போட்டதும் இவளேதான்.

"பாவி, நானே அடைச்சு வச்சுட்டு ஊரெல்லாம் அலைஞ்சேனே!" தலையில் அடித்துக்கொண்டாள். முந்தானையை நனைத்துத் துடைத்தாள். புருஷனை டிவி பக்கம் புரட்டி, இடது உள்ளங்கையில் ரிமோட்டை வைத்தாள். "ஒரே ஒரு தடவை அழுத்துங்க. உங்க காலைப் புடிக்கிறேன்."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் விரல் அசைந்தது. படம் ஓட ஆரம்பித்தது.

 கஞ்சி என்று வாயெடுத்தால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வானோ என்று பாஞ்சாலைக்குப் பயம். கடைசியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "கஞ்சி கொண்டாரட்டுங்களா?" என்றாள்.

படம் சட்டென்று நின்றுவிட்டது.

"ஐயோ, மறுபடியும் போச்சா!" ஓடிப்போய் அந்தக் கறுப்புக் கண்ணைத் துடைத்தாள், ஒயரை ஆட்டிப் பார்த்தாள். படம் நகரவில்லை. அழுகையோடு திரும்பினாள்.

கட்டைவிரல் நிறுத்துகிற பொத்தான் மேலேயே இருந்தது. சக்கரவர்த்தி அவளையே பார்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.