மோல்டுக்கு வைத்த பொட்டு

குளுக்கோஸ் சொட்டும் சின்னக் கூண்டை வார்க்கிற மோல்டு அது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். நர்ஸ் வெளியில் நின்றே சொட்டுகளைப் பார்க்க வேண்டும். ஆகவே மோல்டுக்குள்ளே போகிற இரும்புக் கட்டையில் முகம் தெரியணும். என் மச்சான் பலராமன் அதை மூன்று மாதம் வைரப் பசை போட்டுத் தேய்த்தார். சென்னை வேலையை விட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் லாட்ஜுக்குப் பின்னால் இந்தப் பட்டறையைத் திறந்ததே இந்த ஆர்டரை நம்பித்தான்.

சாதா இரும்புதான். மாதிரிக் கூண்டு தேறினால் மேலே குரோமியம் பூசலாம் என்று ஆர்டர் கொடுத்த கம்பெனியே சொல்லியிருந்தது. அதுவரை எண்ணெய்தான் காப்பு.

தொண்ணூற்றேழில் ஆயுத பூஜை. என் அக்கா தனம் மோல்டின் கட்டையைப் பளிச்சென்று துடைத்து, எண்ணெய் போன இடத்தில் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் மச்சானிடம் ஓடினேன்.

"மச்சான், அத்த தொடச்சிட்டு எண்ண தடவுங்க. துரு புடிச்சிடும்."

"பூஜ போட்ட சாமான நாளைக்குத்தான் தொடணும். பொட்ட அழிக்கச் சொல்றியா? ஒங்கக்கா காதுல வுழப்போவுது."

இத்தனை தெரிந்த மனுஷன் இப்படிப் பேசினால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் துடைத்தால், பொட்டளவுக்கு இரும்பு அரித்திருந்தது. வார்த்த ஒவ்வொரு கூண்டிலும் அதே இடத்தில் மங்கலான வட்டம். கம்பெனி அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சொட்டு தெரியலன்னா பேஷண்ட் கதி என்னங்க?"

மச்சான் குழி போகும்வரை தேய்த்தார். குழி போனது, கூடவே அளவும் போனது. கட்டை இளைத்ததில் கூண்டின் வாய் சிறுத்து மூடி உட்காரவில்லை. ஆர்டர் வேறு ஊருக்குப் போனது. பட்டறையை மூடினோம். மச்சான் அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வீட்டில் இருந்த ஆயுதம் அந்த மோல்டு ஒன்றுதான். அக்கா குங்குமத்தோடு அதன் முன் தயங்கி நின்றாள்.

"வை தனம்," என்றார் மச்சான்.

வைத்தாள். கற்பூரம் அணைவதற்குள் அவர் வேட்டி முனையால் அந்தப் பொட்டை ஒரே இழுப்பில் துடைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை விட்டு, கட்டை முழுக்கத் தடவினார்.

"துரு புடிச்சிடும்," என்றார்.

அக்காவின் கை அவள் நெற்றிக்குப் போனது. நான் வெளியே வந்துவிட்டேன்.